கூல் பையனுக்குக் காதல் வந்தால்: அமெரிக்கப் பள்ளிப் படங்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்கப் பள்ளிக்கூடப் படம் எதையாவது ஓடிடியில் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே பெரும்பாலும் சாப்பாட்டுக்கூடம் வந்துவிடும். கையில் தட்டோடு ஒரு புதுப் பெண் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் இருக்கும் யாராவது ஒவ்வொரு மேசையாகக் காட்டி விளக்குவார்கள். அங்கே ஃபுட்பால் ஆடும் பையன்கள், இந்தப் பக்கம் படிப்பாளிகள், ஓரத்தில் நாடகக் குழு, அந்த நடு மேசைப் பக்கம் மட்டும் போய்விடாதே. டிபன் பாக்ஸைத் திறந்ததும் பக்கத்து டிபனிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்று வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் ஓவராகத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவதில் இத்தனை அரசியலா?

இந்தப் படங்களில் அரசியலே அதுதான். யார் கூல், யார் யாரைக் காதலிக்கலாம், கடைசியில் யார் தன்னை இருக்கிறபடியே ஏற்றுக்கொள்கிறார் என்ற மூன்று கேள்விகளும் அந்த மேசையிலிருந்துதான் கிளம்புகின்றன. மூன்றும் தனித்தனி விஷயங்கள் போலத் தெரிந்தாலும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டவை. எப்படி என்றால், கூலாக இருப்பது என்பது எதைப் பற்றியும் அலட்டிக்கொள்ளாதது போலக் காட்டிக்கொள்வது. காதலிப்பது என்பது ஒருவரைப் பற்றி நிறையவே அலட்டிக்கொள்வது, அதுவும் நாலு பேருக்குத் தெரிய. இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்வது கஷ்டம். அந்த இழுபறியில்தான் இந்த வகைப் படங்கள் ஓடுகின்றன.

மேசைக்கு ஏன் இவ்வளவு மவுசு

அமெரிக்க ஹைஸ்கூல் என்பது பொதுவாக ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. 14 வயதிலிருந்து 18 வயது வரையுள்ள பிள்ளைகள். நம் பள்ளிகளில் பத்தாவது 'பி' செக்‌ஷன் என்றால் வருடம் முழுக்க அதே முகங்கள், அதே அறை. மணி அடித்தால் ஆசிரியர்தான் மாறுவார். அங்கே மணி அடித்தால் மாணவர்கள் எழுந்து வேறு அறைக்குப் போகிறார்கள். கணக்கு வகுப்பில் ஒரு கூட்டம், வரலாற்று வகுப்பில் வேறொரு கூட்டம். நடைபாதையில் இருக்கும் லாக்கர்தான் ஒருவருக்கென்று உள்ள சொந்த இடம். போதாததற்குப் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் சீருடையும் கிடையாது. ஆக, தான் யார் என்பதைக் காட்ட அந்தப் பிள்ளைக்கு மிச்சம் இருப்பவை இரண்டு: உடுத்துகிற துணி, மதியம் கூட உட்காரும் ஆட்கள்.

2004-இல் வந்த 'மீன் கேர்ள்ஸ்' இதைப் பிரித்து மேய்ந்த படம். பதின்வயதுப் பெண்களின் கோஷ்டிச் சண்டைகளைப் பற்றிப் பெற்றோருக்காக ரோஸலிண்ட் வைஸ்மன் எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு டினா ஃபே திரைக்கதை எழுதினார். அறிவுரைப் புத்தகத்திலிருந்து காமெடிப் படம் எடுக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே பெரிய விஷயம். அதில் ரெஜினா என்பவள்தான் பள்ளியின் ராணி. அவள் மேசையில் உட்கார விதிகள் உண்டு. குதிரைவால் கொண்டை வாரத்துக்கு ஒருமுறைதான். கையில்லாத பனியன் மாதிரியான மேல்சட்டையைத் தொடர்ந்து இரண்டு நாள் போடக் கூடாது. ஜீன்ஸும் டிராக் பேன்ட்டும் வெள்ளிக்கிழமை மட்டும். புதன்கிழமை பிங்க். மீறினால் அன்று அந்த மேசையில் இடமில்லை.

படத்தின் பிற்பாதியில் ரெஜினா உடம்பு போட்டுவிடுகிறாள். வேறெதுவும் இடுப்பில் ஏறாததால் ஒரு திங்கட்கிழமை டிராக் பேன்ட்டோடு வருகிறாள். அவள் போட்ட விதியை அவளுடைய சிஷ்யைகளே அவள் முகத்துக்கு நேராகச் சொல்லி மேசையை விட்டு எழுப்பி அனுப்புகிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, கூல் என்ற பட்டம் ரெஜினாவின் சொத்தாக ஒருநாளும் இருந்ததில்லை என்பது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மற்றவர்கள் கொடுத்தது. கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இந்த வகைப் படங்களில் கூலாக இருப்பவர்கள்தான் பள்ளியிலேயே அதிகம் பயந்து போயிருப்பார்கள். அவர்களுக்குத்தான் இழக்க ஏதோ இருக்கிறது.

முயற்சி செய்வது தெரியக் கூடாது

சரி, கூல் பட்டம் வாங்க என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யாததுபோல் இருக்க வேண்டும்.

2012-இல் வந்த '21 ஜம்ப் ஸ்ட்ரீட்' ஒரு போலீஸ் காமெடி. இரண்டு இளம் போலீஸ்காரர்கள் மாணவர்கள் வேடத்தில் மறுபடியும் ஹைஸ்கூலுக்குப் போகிறார்கள். அவர்களில் ஜென்கோ தன் காலத்தில் பள்ளியின் ஹீரோ. கூட்டாளி ஷ்மிட் அப்போது எல்லோரும் கிண்டல் செய்த பையன். உள்ளே நுழைவதற்கு முன் ஜென்கோ பாடம் எடுக்கிறான். எதற்கும் முயற்சி செய்யாதே. முயற்சி செய்கிறவனைக் கிண்டல் செய். புத்தகப் பையின் ஒரு வாரை மட்டும் தோளில் மாட்டு, இரண்டு வாரையும் மாட்டினால் மானம் போச்சு. பார்த்தால், அங்கே எல்லாப் பிள்ளைகளும் இரண்டு வாரையும் மாட்டிக்கொண்டு போகிறார்கள். பள்ளியின் புது ஹீரோக்கள் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசுகிறார்கள், பரீட்சைக்குப் படிக்கிறார்கள், அடுத்தவனை அடித்துக் கேலி செய்பவனை அருவருப்பாகப் பார்க்கிறார்கள். ஜென்கோவின் கெத்து ஒரே காலையில் காலாவதியாகிறது. ஷ்மிட்டுக்கு வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கூட்டம் சேர்கிறது.

கூலின் அடையாளங்கள் இப்படி மாறிக்கொண்டே இருக்கும். தோல் ஜாக்கெட், சிகரெட், வண்டி, பேண்டு வாசிப்பது, யாரும் கேட்காத பாட்டுகளைக் கேட்பது என்று பத்து வருடத்துக்கு ஒன்று வரும், போகும். மாறாதது ஒன்றுதான்: இது தானாக அமைந்தது, இதற்காக நான் மெனக்கெடவில்லை என்ற பாவனை. கண்ணாடி முன்னால் முக்கால் மணி நேரம் நின்று கலைத்த தலையை, தூங்கி எழுந்து அப்படியே வந்ததுபோலக் காட்ட வேண்டும்.

இதன் மூலத்தைத் தேடினால் 1955-க்குப் போக வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் பதின்வயதுப் பிள்ளைகள் கையில் காசு புரள ஆரம்பித்தது. பலருக்குக் கார் ஓட்டக் கிடைத்தது. பெரியவர்கள் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்துவிட, தியேட்டருக்கு வரக்கூடிய கூட்டம் இளைஞர்கள்தான் என்பதை ஸ்டுடியோக்கள் மெல்லப் புரிந்துகொண்டன. அந்தச் சூழலில் நிக்கலஸ் ரே இயக்கிய 'ரெபெல் வித்தவுட் எ காஸ்' வந்தது. ஜேம்ஸ் டீன், சிவப்பு ஜாக்கெட். படம் வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்பு, செப்டம்பர் 30 அன்று, டீன் கார் விபத்தில் இறந்துபோனார். வயது 24. அந்தப் படத்தின் போஸ்டர் இன்றைக்கும் டீ-சர்ட்களில் வருகிறது.

போஸ்டரை மட்டும் பார்த்தவர்கள் டீன் நடித்த ஜிம் ஸ்டார்க்கைக் கல்லுளிமங்கன் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். படத்தில் அவன் பாதி நேரம் அழுகிறான். குடித்துவிட்டு நடுத்தெருவில் படுத்துக்கொண்டு ஒரு பொம்மைக் குரங்குக்குக் காகிதத்தைப் போர்த்திவிடுவதுதான் அவன் அறிமுகக் காட்சியே. அவனுக்கு ஒரே ஒரு பலவீனம்: யாராவது கோழை என்று சொல்லிவிட்டால் தாங்க மாட்டான். அதனால்தான் கார்ப் பந்தயத்துக்கு ஒப்புக்கொள்கிறான். திருட்டுக் கார்கள் இரண்டை மலை விளிம்பை நோக்கி ஓட்ட வேண்டும். எவன் முதலில் குதிக்கிறானோ அவன் கோழை.

பந்தயத்துக்குச் சற்று முன் ஜிம்மும் எதிர்க் கோஷ்டித் தலைவனும் விளிம்பில் தனியாக நிற்கிறார்கள். கீழே இருட்டு. 'உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது' என்கிறான் மற்றவன். அப்படியானால் எதற்கு இதைச் செய்கிறோம் என்று ஜிம் கேட்கிறான். ஏதாவது செய்தாக வேண்டுமே என்பதுதான் பதில். சில நிமிடங்களில் அந்தப் பையனின் ஜாக்கெட் கை கதவுப் பிடியில் மாட்டிக்கொள்ள, காரோடு கீழே போகிறான். ஒருவரை ஒருவர் பிடித்துப்போன இரண்டு பையன்கள், சுற்றி நின்று பார்க்கும் கூட்டத்துக்காகச் சாகத் துணிகிறார்கள். கூல் என்பதற்கு இதைவிடக் கொடூரமான விளக்கத்தைப் பிற்பாடு வந்த எந்தப் படமும் தந்ததாக எனக்குத் தெரியவில்லை.

காதல் வந்து இடிக்கும் இடம்

இப்போது காதலுக்கு வருவோம். 1978-இல் வந்த 'கிரீஸ்' பாட்டும் ஆட்டமுமான படம், கதை நடப்பது 1950-களின் கடைசியில். விடுமுறையில் கடற்கரையில் டேனியும் சேண்டியும் பழகியிருக்கிறார்கள். அவள் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிப் போய்விடுவாள் என்று இருவரும் நினைத்துப் பிரிகிறார்கள். திரும்பினால், அவளும் அவன் பள்ளியிலேயே சேர்ந்திருக்கிறாள். ஒரு மாலை, நண்பர்கள் சூழ நிற்கும் டேனி முன்னால் அவளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

அந்தக் கணத்தில் டேனியாக நடித்த ஜான் ட்ரவோல்டாவின் முகத்தைப் பாருங்கள். முதலில் ஒரு துள்ளல், குரல் உச்சத்துக்குப் போகிறது, உண்மையான சந்தோஷம். அப்புறம் பக்கத்தில் தோல் ஜாக்கெட் போட்ட நண்பர்கள் பார்த்துக்கொண்டிருப்பது உறைக்கிறது. குரல் இறங்குகிறது, தோள் சாய்கிறது, ஏதோ வழியில் பார்த்த ஆள் மாதிரி பேச ஆரம்பிக்கிறான். சேண்டிக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. கடற்கரையில் பார்த்த டேனி எங்கே என்கிறாள். அவனுக்கே தெரியவில்லை.

இந்த வகைப் படங்களின் காதல் சிக்கல் முழுவதும் இந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது. காதலுக்கு வில்லன் அப்பாவோ மாமனோ இல்லை. அரிவாளோடு யாரும் துரத்துவதில்லை. பக்கத்தில் நிற்கும் நண்பனின் பார்வைதான் வில்லன்.

சில படங்களில் அந்தப் பார்வைக்குப் பின்னால் பணம் இருக்கும். ஜான் ஹியூஸ் எழுதிய 'பிரெட்டி இன் பிங்க்' (1986) அப்படிப்பட்டது. ஆண்டி ஏழைப் பெண், தன் உடைகளைத் தானே தைத்துக்கொள்பவள். பிளேன் பணக்கார வீட்டுப் பையன். ப்ராம் என்னும் ஆண்டு இறுதி நடன விருந்துக்கு அவளை அழைத்துவிட்டு, நண்பன் முகம் சுளித்ததும் பின்வாங்குகிறான். லாக்கர் பக்கத்தில் அவள் பிடித்துக் கேட்டால், வேறொரு பெண்ணை முன்பே கூப்பிட்டதை மறந்துவிட்டேன் என்று மழுப்புகிறான். என்னோடு வர உனக்கு வெட்கமாக இருக்கிறது, அதைச் சொல் என்று அவள் கத்துகிறாள். ஆண்டியாக நடித்த மோலி ரிங்வால்ட் அந்த நடைபாதையில் கத்துவது இன்றைக்குப் பார்த்தாலும் உலுக்கும்.

அந்தப் படத்தின் முடிவுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. முதலில் எடுத்த முடிவில் ஆண்டி போய்ச் சேர்வது டக்கி என்ற நண்பனிடம். சிறுவயதிலிருந்தே கூட இருப்பவன், கோமாளி மாதிரி உடுத்துபவன், அவளை ஒருதலையாகக் காதலிப்பவன். வெளியீட்டுக்கு முன் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டியபோது அது எடுபடவில்லை. முடிவைத் திரும்ப எடுத்து ஆண்டியைப் பிளேனிடம் சேர்த்தார்கள். ஹியூஸுக்கு மனசு ஆறவில்லை போலும். மறு வருடமே அதே இயக்குநர் ஹோவர்ட் டாய்ச்சோடு 'சம் கைண்ட் ஆஃப் வொண்டர்ஃபுல்' என்று ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றி ஒரு படம் எழுதினார். அதில் கூட இருந்த தோழிதான் ஜெயிக்கிறாள். தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் நாமும் அந்த நடு மேசை ஆட்கள் போலத்தான் நடந்துகொள்கிறோம் என்பது இதில் உள்ள சங்கடம். டக்கிக்காகக் கண்ணீர் விடுவோம், ஆனால் அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம்.

ஹியூஸின் இன்னொரு படமான 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' (1985) இதை ஒரே அறைக்குள் அடைத்துப் பார்க்கிறது. தண்டனையாகச் சனிக்கிழமை பள்ளி நூலகத்தில் உட்கார வைக்கப்பட்ட ஐந்து பேர்: படிப்பாளி, மல்யுத்த வீரன், வீட்டுச் செல்லமான அழகி, ரவுடி, யாரோடும் பேசாத விசித்திரப் பெண். வழக்கமாக ஒருவர் மேசைப் பக்கம் ஒருவர் போகாதவர்கள். மாலைக்குள் அழுது, சிரித்து, வீட்டு ரகசியங்களையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். அப்போது படிப்பாளி பிரையன் கேட்கிறான்: திங்கட்கிழமை என்ன ஆகும்? நாம் நண்பர்களாக இருப்போமா?

அழகி கிளேர், உண்மையைச் சொல்லட்டுமா, எனக்கு அப்படித் தோன்றவில்லை என்கிறாள். எல்லோரும் அவள்மேல் பாய்கிறார்கள். அவளோ, உங்களுக்கு இதன் அழுத்தம் தெரியாது என்று அழுகிறாள். அங்கே இருப்பவர்களில் பொய் சொல்லாதவள் அவள்தான். படம் சனிக்கிழமை மாலையோடு முடிகிறது. திங்கட்கிழமையைக் காட்டவே இல்லை. காட்டாமல் விட்டதுதான் ஹியூஸ் செய்த புத்திசாலித்தனமான காரியம்.

கண்ணாடியைக் கழற்றினால் அழகி

மூன்றாவது விஷயமான தன்னை ஏற்றுக்கொள்வதில்தான் இந்தப் படங்கள் அதிகமாகக் கள்ளாட்டம் ஆடுகின்றன. 'நீ நீயாக இரு' என்று வாய் சொல்லும். கதை வேறொன்றைச் செய்யும்.

இதே நூலகத்தில் அந்த விசித்திரப் பெண் ஆலிசன் கண்ணைச் சுற்றிக் கருமையாகப் பூசிய மையோடும், தொளதொள கறுப்பு உடையோடும், முகத்தை மறைக்கும் முடியோடும் இருக்கிறாள். கடைசியில் கிளேர் அவளை உட்கார வைத்து மையைத் துடைத்து, முடியை ஒதுக்கி ரிப்பன் கட்டிவிடுகிறாள். ஆலிசன் வெளியே வருகிறாள். மல்யுத்த வீரன் ஆண்ட்ரூ வாயைப் பிளக்கிறான். நாள் முழுக்க எதிரே உட்கார்ந்திருந்தவளை அவன் அப்போதுதான் பார்க்கிறானாம். இவ்வளவு நல்ல படத்தில் இப்படி ஒரு காட்சி ஏன் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் எரிச்சல் வரும். ஐந்து பேரில் ஜோடி கிடைக்காதவன் பிரையன் மட்டும்தான். தண்டனையாகக் கொடுத்த கட்டுரையை எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதும் வேலையும் அவன் தலையில். அதையும் கவனியுங்கள்.

1999-இல் வந்த 'ஷீ இஸ் ஆல் தட்' படத்தில் இது முழுக்கதையாகவே ஆகிவிடுகிறது. ஓவியம் வரையும், யாரோடும் சேராத லேனியை ப்ராம் ராணியாக ஆக்கிக் காட்டுவதாகப் பள்ளி ஹீரோ ஸாக் நண்பனிடம் பந்தயம் கட்டுகிறான். அவன் தங்கை வந்து லேனியின் கண்ணாடியைக் கழற்றி, புருவம் திருத்தி, முடி வெட்டி, சிவப்பு உடை மாட்டி மாடிப்படியில் இறக்கிவிடுகிறாள். ஊரே மயங்குகிறது. ரேச்சல் லீ குக் என்ற அழகான நடிகைக்குக் கண்ணாடி மாட்டி, இவள் அழகில்லை என்று நம்மை நம்பச் சொல்வதில் உள்ள வேடிக்கையை ஹாலிவுட்டே பொறுக்க முடியாமல் 2001-இல் 'நாட் அனதர் டீன் மூவி' என்ற பகடிப் படத்தில் கிழித்துத் தொங்கவிட்டது.

இந்த வரிசையில் 'கிரீஸ்' படத்தின் முடிவைத்தான் எல்லோரும் அதிகம் திட்டுவார்கள். பாவாடையும் ரிப்பனுமாக இருந்த சேண்டி கடைசியில் இறுக்கமான கறுப்பு உடை, சிகரெட், சுருட்டிய முடி என்று வந்து நிற்கிறாள். காதலனுக்காகப் பெண் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே காட்சியில் டேனியும் மாறி வந்திருக்கிறான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓட்டப் பந்தயத்தில் சேர்ந்து, விளையாட்டு வீரர்களுக்குத் தரும் பள்ளி எழுத்துப் பொறித்த ஸ்வெட்டரை வாங்கி, நண்பர்கள் சிரித்தாலும் பரவாயில்லை என்று அவளுக்காகப் போட்டுக்கொண்டு நிற்கிறான். வாழ்க்கை முழுக்க உங்கள் பின்னாலேயே வர முடியுமா என்று அவர்களிடமே கேட்கிறான். அந்தப் படத்தில் அவன் கூல் பட்டத்தைத் துறக்கும் இடம் அதுதான். சேண்டியைக் கறுப்பு உடையில் பார்த்ததும் ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிடுகிறான் என்பது வேறு விஷயம். (இந்தப் 'பிள்ளைகள்' வயதை அதிகம் ஆராயாதீர்கள். சக மாணவி ரிஸோவாக வரும் ஸ்டாக்கர்ட் சானிங்குக்குப் படப்பிடிப்பின்போது 33.)

முத்தத்துக்கு முன்னாலா, பின்னாலா

கள்ளாட்டம் ஆடாத படத்தைக் கண்டுபிடிக்க நான் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். நாயகனோ நாயகியோ தன்னை ஏற்றுக்கொள்வது கடைசி முத்தத்துக்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் என்றால், தன்னை ஏற்றுக்கொண்டது அவள் இல்லை. அந்தப் பையன் ஏற்றுக்கொண்டான், அவன் சொல்வதை அவள் நம்பினாள். நாளைக்கு அவன் போய்விட்டால் அந்த ஏற்பும் அவனோடு போய்விடும்.

'மீன் கேர்ள்ஸ்' இந்தச் சோதனையில் தேறும். கேடி என்ற பெயருள்ள அதன் நாயகி கணக்கில் புலி. முன் பெஞ்சில் இருக்கும் ஆரன் என்ற பையன் தனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கணக்கு வராததுபோல் நடித்து நடித்து, நிஜமாகவே பரீட்சையில் கோட்டை விடுகிறாள். முடிவில் கணக்குப் போட்டி மேடை. எதிரே நிற்கும் பெண்ணின் புருவத்தையும் உடையையும் மனதுக்குள் கிண்டல் செய்துகொண்டிருக்கும்போது அவளுக்குச் சட்டென்று உறைக்கிறது: இவளை எவ்வளவு மட்டம் தட்டினாலும் இந்தக் கணக்குக்கு விடை வரப்போவதில்லை. விடையைச் சொல்லி ஜெயிக்கிறாள். ஆரன் திரும்பி வருவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

'லவ், சைமன்' 2018-இல் வந்தது. தன்பாலின ஈர்ப்புள்ள ஒரு பள்ளி மாணவனின் காதலை மையமாக வைத்துப் பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்று எடுத்த முதல் படம் என்று சொல்வார்கள். சைமனுக்கு நல்ல வீடு, நல்ல நண்பர்கள், கார் எல்லாம் உண்டு. ஒரு விஷயத்தை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறைக்கிறான். விஷயம் வெளியே வந்த பிறகு அம்மா அவனிடம், இத்தனை நாள் நீ மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாய், இனி விடலாம் என்கிறாள். மின்மினி விளக்குகளோடு ராட்டினமும் முத்தமும் பிறகு வருகின்றன. வழக்கமான காதல் படத்தின் அச்சில் வார்த்ததுதான். அந்த வழக்கம் இப்படிப்பட்ட பையனுக்கும் கிடைத்தது என்பதுதான் அதில் புதுசு.

எனக்கு மிகவும் பிடித்தது கிரெட்டா கெர்விக் எழுதி இயக்கிய 'லேடி பேர்ட்' (2017). கதை நடப்பது கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில், 2002-இல் தொடங்கி. கிறிஸ்டீன் தனக்குத் தானே லேடி பேர்ட் என்று பெயர் வைத்துக்கொண்டவள். வீட்டில் காசு கஷ்டம். பள்ளியின் பணக்காரப் பெண் ஜென்னாவோடு சேர வேண்டும் என்பதற்காகச் சிறுவயதுத் தோழி ஜூலியைக் கழற்றிவிடுகிறாள். ஊரின் அழகான பெரிய வீட்டைத் தன் வீடு என்று புளுகுகிறாள். அப்புறம் கைல் என்ற பையன். டிமதி ஷாலமே நடித்த இந்தக் கைலைவிடக் கச்சிதமான கூல் பையனை நான் திரையில் பார்த்ததில்லை. பேண்டில் கிட்டார், கையில் எப்போதும் ஒரு கனமான புத்தகம், தானே சுருட்டிய சிகரெட், எதிலும் ஈடுபாடில்லாத குரல்.

படத்தின் நடுவில் முதல் காதல் முறிந்தபோது லேடி பேர்டும் ஜூலியும் காரில் உட்கார்ந்து 'கிராஷ் இன்டு மீ' என்ற பாட்டைப் போட்டுவிட்டுச் சேர்ந்து அழுதிருப்பார்கள். ஊரெல்லாம் ரேடியோவில் கேட்ட, கொஞ்சம் அசடு வழியும் காதல் பாட்டு. ப்ராம் அன்று மாலை கைலும் கூட்டாளிகளும் அவளைக் காரில் ஏற்றிக்கொள்கிறார்கள். ப்ராமுக்கா போவது, யாராவது வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவாகிறது. அவளும் சரி என்கிறாள். ரேடியோவில் அதே பாட்டு வருகிறது. எனக்குப் பிடிக்காத பாட்டு என்கிறான் கைல். கொஞ்ச நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொல்கிறாள்: எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். என்னை ஜூலி வீட்டில் இறக்கிவிடுகிறீர்களா?

அவ்வளவுதான் நடக்கிறது. யாரும் யாரையும் அறையவில்லை, பிரிவுச் சோக வசனம் கிடையாது. ஓர் அசட்டுப் பாட்டைப் பிடிக்கும் என்று கூல் பையன் முன்னால் ஒப்புக்கொண்டாள். அன்று ப்ராமில் அவளோடு ஆடுவது ஜூலி. அம்மாவோடு உள்ள பிணக்கு இன்னும் பெரிய கதை. துணிக்கடையில் உடை போட்டுப் பார்க்கும்போது, நீ உன்னால் முடிந்த அளவு நல்லவளாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை என்கிறாள் அம்மா. இதுதான் என்னால் முடிந்த அளவு என்றால் என்று மகள் கேட்க, அம்மாவிடம் பதில் இல்லை.

போ பர்னமின் 'எய்த் கிரேட்' (2018) இன்னும் கீழே, எட்டாம் வகுப்புக்குப் போகிறது. கெய்லா தன்னம்பிக்கையோடு இருப்பது எப்படி என்று இணையத்தில் வீடியோ போடுகிறாள், யாரும் பார்ப்பதில்லை. பள்ளியில் அவளுக்குக் கிடைக்கும் பட்டம், மிக அமைதியானவள். ஆறாம் வகுப்பில் தனக்குத் தானே அலங்கரித்து வைத்த பெட்டி ஒன்று திரும்பக் கிடைக்கிறது. உலகத்திலேயே கூலான பெண்ணுக்கு என்று அதன்மேல் எழுதியிருக்கிறாள். அதை வீட்டுக் கொல்லையில் அப்பா முன்னால் எரிக்கிறாள். நான் உங்களுக்கு வருத்தம் தருகிறேனா என்று அவரைக் கேட்கிறாள். இந்தப் படத்தில் காதல் என்று சொல்ல ஏதும் இல்லை. கடைசியில் ஒரு கூச்ச சுபாவப் பையனோடு உட்கார்ந்து சிக்கன் நக்கட்ஸ் தின்பதோடு சரி. கெய்லாவாக நடித்த எல்ஸி ஃபிஷருக்கும் அப்போது நிஜமாகவே ஏறக்குறைய அந்த வயதுதான். திரையில் பருக்கள் தெரிகின்றன.

நம் ஆள் ஒருத்தியையும் சொல்ல வேண்டும். 2020-இல் நெட்ஃப்ளிக்ஸில் தொடங்கிய 'நெவர் ஹேவ் ஐ எவர்' படமில்லை, தொடர். ஆனால் அச்சு அசல் இந்த வகைதான். கலிஃபோர்னியாவில் வளரும் தமிழ்க் குடும்பத்துப் பெண் தேவி விஷ்வகுமாருக்குப் பள்ளியின் அழகன் பாக்ஸ்டன்மேல் ஆசை. அவளாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த கனடாக்காரர். விண்ணப்பித்த சுமார் 15,000 பேரிலிருந்து தேர்வானவர். கணேஷ் பூஜைக்கு அரைத்தாவணி மாதிரியான உடையில் போக தேவி படும் கூச்சத்தைப் பார்த்தால், அவள் ஒளிக்க நினைப்பது கண்ணாடியையோ தலைமுடியையோ இல்லை, மொத்த வீட்டையும் என்று புரியும். அப்பா இறந்த துக்கத்தை அழாமல் தள்ளிப்போட பாக்ஸ்டனைத் துரத்துகிறாள் என்பதும் போகப்போகத் தெரியும்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், 'மீன் கேர்ள்ஸ்' முதலில். சிரிப்புக்குச் சிரிப்பு, விதிகளும் பிடிபடும். அடுத்து 'பிரேக்ஃபாஸ்ட் கிளப்', அப்புறம் 'லேடி பேர்ட்'. 'ரெபெல்' கொஞ்சம் மெதுவாகப் போகும், மற்றவற்றைப் பார்த்துவிட்டுப் போனால் பொறுமை இருக்கும். வீட்டில் 13, 14 வயதுப் பிள்ளை இருந்தால் 'எய்த் கிரேட்' சேர்ந்து பார்க்கலாம், ஆனால் முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில காட்சிகளும் பேச்சும் சங்கடப்படுத்தும். அமெரிக்காவிலேயே அதற்குக் கொடுத்த சான்றிதழ்படி 17 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணை இல்லாமல் தியேட்டருக்குள் போக முடியாது. கெய்லா தன் படத்துக்கே அப்பாவைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.